பனிமலை இல்லாத கலியாண வீடியோ

என் தங்கச்சி பனிமலையைக் கண்ணால் கண்டதில்லை. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரிந்த குளிரெல்லாம் மீன்பெட்டிக்குள் போடுகிற ஐஸ்தான். ஆனால் அவளுடைய கலியாண வீடியோவில் அவளும் மாப்பிள்ளையும் கூறைச் சேலையும் பட்டு வேட்டியுமாக ஒரு பனிமலையின் உச்சியில் கைகோத்து நின்றார்கள். அடுத்த காட்சியில் ஏதோ ஓர் இரும்புக் கோபுரத்தின் கீழே நின்றார்கள். அதற்கு அடுத்ததில் ஒரு நீர்வீழ்ச்சி, இரண்டு அன்னம், வானத்திலிருந்து கொட்டுகிற ரோசாப்பூ. எங்கள் ஊரில் எல்லாருடைய கலியாண வீடியோவிலும் இது இருக்கும். இல்லாவிட்டால்தான், "என்ன, மலிவான ஸ்ரூடியோவோ" என்று கேட்பார்கள். நாங்களும் குடும்பத்தோடு இருந்து வாயைப் பிளந்து பார்த்தோம். அயலட்டைச் சனமும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தது.

அந்தப் பனிமலைதான் அவளுடைய வாழ்க்கையில் மண் அள்ளிப் போடப் பார்த்தது.

மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை செய்கிறவர். லீவில் வந்து தாலி கட்டினார், லீவு முடியப் போய்விட்டார். பெண்சாதி என்று இவள் அங்கே போகவேண்டுமானால் விசா வேண்டும். விசாவுக்குக் கொழும்பில் நேர்முகம். ஆல்பம், வீடியோ எல்லாம் கொண்டுபோனாள். திரும்பி வந்த அன்று குசினி வாசலில் இருந்துகொண்டு அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"எப்ப இந்த மலைக்குப் போனனீங்கள் எண்டு அந்த விசா மேடம் கேட்டவ அண்ணா. நான் போகேல்லை எண்டன். போகாமல் எப்பிடி அங்க நிக்கிறீங்கள் எண்டா. அது ஸ்ரூடியோவில போட்டது எண்டன்."

"சரி. உண்மையைத்தானே சொன்னனீ."

"அப்ப வேற என்னென்ன போட்டது எண்டு கேட்டவ."

அதற்குப் பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அதிகாரி சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டிருக்கிறார். உங்கள் கணவருக்குப் பிடிக்காத சாப்பாடு என்ன, தேத்தண்ணிக்குச் சீனி போடுவாரா என்று. எல்லாம் இவளுக்குத் தெரிந்ததுதான். கலியாணம் பேசி முடித்த பிறகு மாதக்கணக்காகத் தொலைபேசியில் கதைத்தவர்கள். ஆனால் பயத்தில் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கலியாணம் உண்மையாக நடந்ததா, விசாவுக்காகச் சோடித்ததா என்று அவர்களுக்குச் சந்தேகம். நடந்ததை நடந்தபடி காட்டுகிற வீடியோ இருந்தால் எடுத்துக்கொண்டு இன்னொரு முறை வரச் சொல்லியிருந்தார்கள். அந்த முறையும் நம்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. பிறகு வருசக்கணக்காக இழுபடும். சேர்ந்து ஒரு மாதம்கூட வாழாத புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு கரையில் கிடக்கவேண்டியதுதான். மாப்பிள்ளை வீட்டாரின் பக்கத்திலிருந்து ஒரு கதை அதற்குள் கிளம்பிவிட்டது, பெண்ணின் ராசி அப்படியாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் தொழில் போட் எஞ்சின் திருத்துவது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் கராஜ். நாள் முழுக்க எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகக் கதைத்துப் பழகிய தொண்டை, வீட்டில் உப்புக் கேட்டாலும் தெருவுக்குக் கேட்கும். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று நான் சொல்வேன். "அந்தக் குணம் எப்ப வருமெண்டு நானும் கலியாணம் கட்டின நாள்தொட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்பாள் என் மனைவி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு தங்கச்சியை வளர்த்தது நாங்கள் இரண்டு பேரும்தான். கலியாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்ததும் நாங்கள்தான்.

நேரே ஸ்ரூடியோவுக்குப் போனேன். உள்ளே போகுமுன்பே கத்தத் தொடங்கிவிட்டேன். ஸ்ரூடியோக்காரர் பொறுமையான மனிதர், நான் மூச்சு வாங்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சோடிக்காமல் சும்மா விட்டா அது கலியாணம் மாதிரி இருக்காது. செத்தவீடு மாதிரி இருக்கும். எங்களிட்டை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்லை" என்றார்.

"நான் கேக்கிறன்."

"கேக்கிறது சரி. இது கலியாண மாசம். இருந்து முழுக்கப் பாத்து வெட்டுறதுக்கு எனக்கு நேரம் இல்லை. எடுத்தது எடுத்தபடி ஹாட்டிஸ்க்கில இருக்கு. அழிக்கேல்லை. கொப்பி பண்ணித் தாறன், கொண்டுபோங்கோ."

"கொண்டுபோய் நான் என்ன செய்யிறது, ஊறுகாயா போடுறது?"

"படியுங்கோ" என்றார் அவர். உட்துறைமுகப் பக்கம் ஒரு பொதுக் கட்டடத்தின் மேல்மாடியில், சனிக்கிழமைகளில் வீடியோ வகுப்பு நடக்கிறது என்றும், கிண்ணியாவிலிருந்து ஒரு மிஸ் வந்து படிப்பிக்கிறார் என்றும் சொன்னார். அன்றைக்கு அவர் என்னைப் பகிடி பண்ணுவதாகத்தான் நினைத்தேன். இப்போது நினைத்தால், அழிக்காமல் வைத்திருந்தாரே, அந்த மனிதருக்குக் கோடி புண்ணியம்.

மிஸ் என்னைவிட வயது குறைந்தவர். பாலம் கடந்து ஸ்கூட்டியில் வருவார். முதல் நாள் நான் வாசலில் தயங்கி நின்றபோது அவர்தான் எழுந்து வந்தார்.

"வாங்க. பிள்ளையைச் சேர்க்க வந்தீங்களா?"

"இல்லை மிஸ். பிள்ளை நான்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். சுற்றிலும் இருந்ததெல்லாம் யூடியூபில் சமையலும் பயணமும் போட ஆசைப்பட்ட இளந்தாரிகளும் பெட்டைகளும். நான் கொண்டுபோன ஹாட்டிஸ்க்கையும் விஷயத்தையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி. ஒங்களுக்கு இது விளையாட்டு இல்ல. அப்ப கெதியாப் படிச்சிருவீங்க" என்றார். பெரிய ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லைதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

அவர் சொன்ன வேகத்தில் கெதியாகவெல்லாம் படிக்கவில்லை. ஸ்பானர் பிடித்த கை மவுஸைப் பிடித்தால் எப்படி இருக்கும்? நான் அமத்துகிற அமத்தில் ஒன்றைத் தொட்டால் நாலு நகரும். மவுஸ் சரியில்லை என்றேன், வேறு தந்தார். மேசை ஆடுகிறது என்றேன், பேப்பர் மடித்து வைத்தார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று அந்தப் பிள்ளைகள் மனதுக்குள் நினைத்திருப்பார்கள். "அண்ணே, அது நட்டு இல்ல. இறுக்காதீங்க, மெதுவா" என்பார் மிஸ்.

ஆனால் அவர் படிப்பித்த முறை எனக்குப் பிடித்தது. முதல் பாடம், மூலத்தைத் தொடாதே. ஒரு கொப்பி எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் கொப்பியில் வேலை செய். இரண்டாவது, முழுவதையும் பார்க்காமல் ஒன்றையும் வெட்டாதே. கமராவிலிருந்து வந்த துண்டுகளுக்கெல்லாம் வெறும் இலக்கம்தான் பெயர். ஒவ்வொன்றாகப் பார்த்து, இது மண்டப வாசல், இது கூறை மாற்றி வந்தது, இது சாப்பாடு என்று நாங்களே பெயர் வைக்கவேண்டும். எஞ்சினைக் கழற்றும்போது நான் சாக்கை விரித்து, கழற்றிய ஒழுங்கில் சாமான்களைப் பரப்புவேன். இதுவும் அதே வேலைதான் என்று பிடிபட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகுதான் வெட்டுகிறது, ஒட்டுகிறது, ஒரு காட்சி முடிந்து மற்றது தொடங்குகிற இடத்தில் கண் தடக்குப்படாமல் பார்க்கிறது. அந்தப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். நான் எதையாவது அழித்துவிட்டு முழிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி, இரண்டு பொத்தானை அமத்தி, அழிந்ததைத் திருப்பிக் கொண்டுவந்து தந்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

திரையில் மேலே படம் ஓடும், கீழே அந்தப் படத்தின் சத்தம் கோடாக ஓடும். சத்தம் கூடினால் கோடு எழும்பும், குறைந்தால் படியும். என்னுடைய துண்டுகளில் கோடு புல்லு முளைத்த மாதிரிப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று மலை மாதிரி எழும்பும். மறுபடி புல்லு, மறுபடி மலை. மிஸ் என் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இதென்ன அண்ணே, இடி இடிச்சதா அண்டைக்கு?"

ஸ்பீக்கரைப் போட்டார். வகுப்பு முழுக்கக் கேட்டது என் குரல்.

"ஆரடா அந்த மானை உள்ளுக்க விட்டது? வாசல் வாழையைத் திண்டு முடிக்கப்போகுது, துரத்துங்கோ அதை."

எங்கள் பட்டணத்தில் மான்கள் மாடு மாதிரித் திரியும். கலியாண மண்டப வாசலில் வாழை கட்டினால் அவைகளுக்கும் அழைப்பு வைத்த மாதிரித்தான். அடுத்த மலையைத் தொட்டார் மிஸ். "லைற்றைத் திருப்பு, பொம்பிளையின்ர கண் கூசுது." அடுத்தது. "ஐயருக்கு ஃபானைப் போடுங்கோ, மனுசன் அவிஞ்சுபோறார்." அடுத்தது. "பாயாச வாளிக்குள்ள ஆர் சாம்பார்க் கரண்டியை விட்டது?" பிள்ளைகள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்கள். கலியாண நாள் முழுவதும், தாலி கட்டின அந்தக் கெட்டிமேளத்தைத் தவிர, எல்லாச் சத்தத்துக்கும் மேலே நான்தான் இருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வெளிநாட்டு அதிகாரிக்கு முன்னால் தங்கச்சி இதையா போட்டுக் காட்டுவது?

வீட்டுக்குப் போய், தங்கச்சியின் லேப்டொப்பில் என் குரல் வருகிற இடங்களெல்லாவற்றையும் தேடித் தேடி வெட்டினேன். வெட்டுவதில் எனக்கு அப்போது கை வந்திருந்தது. முடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கடைசிவரைக்கும் பார்த்தாள்.

"ஆரின்ர கலியாணம் இது?" என்று கேட்டாள்.

"கண் தெரியேல்லையோ உனக்கு?"

"மணவறை இருக்கு. ஆக்கள் வருகினம், போகினம். எங்கட வீட்டுக் கலியாணம் எண்டு சொல்ல ஒண்டையும் காணேல்லை. ஊமைச் சனத்தின்ர கலியாணம் மாதிரி இருக்கு."

அடுத்த சனிக்கிழமை, மிஸ்ஸிடம் ஒரு யோசனையோடு போனேன். வெட்டாமல் விட்டு, சத்தத்தை முழுக்க நிற்பாட்டிவிட்டு, மேலே ஒரு நல்ல நாதஸ்வரத்தைப் போட்டால் என்ன?

"போடலாம் அண்ணே. நான் காட்டித் தாறன்" என்றார். பிறகு, "ஆனா அந்த மேடம் பாத்துட்டு, இந்த நாதஸ்வரம் எங்க வாசிச்சதுண்டு கேட்டா, தங்கச்சி என்ன சொல்லுவாங்க?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப நான் நாய் மாதிரிக் குரைக்கிறதை அவள் கொண்டுபோய் உலகத்துக்குக் காட்டவேணுமோ?" என்று கத்திவிட்டு, ஹாட்டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டேன். அந்த வாரம் கராஜில் என்னோடு கதைக்க ஒருவரும் துணியவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை போகாமல் இருக்க ஏலவில்லை. நேர்முகத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போனேன். என் கதிரை இருந்த இடத்தில் இருந்தது. மிஸ் எதுவுமே நடக்காத மாதிரி ஒரு ஹெட்செற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஸ்பீக்கர்ல கேட்டது காணும். இதுல ஒருக்காக் கேளுங்க. ஒங்கட சத்தத்தைக் கேக்காதீங்க. அதுக்குப் பொறகு வாறதக் கேளுங்க. அதுல ஏதோ இரிக்கி" என்றார்.

போட்டுக்கொண்டேன். மான் வந்த துண்டு. நான் வாசலில் நின்று கத்துகிறேன். கமராக்காரர் நின்றது உள்ளே, தங்கச்சிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த அறையில், ஜன்னலால் நானும் மானும் தெரிகிறோம். அவளுக்குப் பக்கத்தில்தான் மைக். என் கத்தல் ஓய்ந்ததும், மிக மெதுவாக ஒரு குரல். "விடுங்கோ அண்ணா, அதுக்கும் பசிதானே. திண்டிட்டுப் போகட்டும்."

லைற்றுத் துண்டு. நான் கத்தினதும் லைற்றுப் பிடித்தவருக்கு அவள் சொல்கிறாள். "குறை நினைக்காதேங்கோ. அண்ணா எல்லாரோடையும் அப்பிடித்தான்." ஐயரின் ஃபானுக்கு நான் கத்துகிறேன். அவள் மாப்பிள்ளைக்குக் கிசுகிசுக்கிறாள். "உங்களுக்கும் வேர்க்குது. கொஞ்சம் பொறுங்கோ, அண்ணா அடுத்ததா உங்களுக்குத்தான் கத்துவார்." உண்மையிலேயே அடுத்த மலை அதுதான், மாப்பிள்ளைக்கு ஃபானைத் திருப்பச் சொல்லி.

நான் கத்தின ஒவ்வொரு முறையும் அவள் பதில் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும், நான்தான் கத்திக்கொண்டிருந்தேனே.

பிறகு சாப்பாட்டுத் துண்டு வந்தது. ஒரே வாழையிலையில் பொம்பிளையும் மாப்பிள்ளையும். நான் வாளிக்காரரோடு வந்து நிற்கிறேன். "மாப்பிள்ளைக்குக் கத்தரிக்காய் வையுங்கோ. இன்னும் வையுங்கோ, கூச்சப்படுறார்." என் மலைக்குக் கீழே அவளுடைய குரல். "அண்ணா, அவருக்குக் கத்தரிக்காய் ஒத்துவராது. உடம்பு சொறியும். முந்தியே சொன்னனான்தானே." நான் அதைக் கேட்காமல் அடுத்த பந்திக்குப் போய்விடுகிறேன். அவள் அந்தக் கத்தரிக்காய் முழுவதையும் விரலால் தன் பக்கம் தள்ளி எடுத்துக்கொண்டு, தன் அப்பளத்தை அவர் பக்கம் வைக்கிறாள். மாப்பிள்ளை மெதுவாகச் சொல்கிறார். "அண்ணாட்டைச் சொல்லாதையும். பாவம், ஆசையா வைக்கிறார்."

நேர்முகத்தில் அவளுக்கு வாயில் வராமல் போன பதில் இதுதான். கணவருக்குப் பிடிக்காத சாப்பாடு என்ன? இதோ, தாலி ஏறிய கையோடு, ஒரு இலையில், ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் சொல்லியிருக்கிறாள். என் சத்தத்தை வெட்டுகிறேன் என்று இதையும் சேர்த்து வெட்டி எறிந்திருந்தேன். ஹெட்செற்றைக் கழற்றி வைத்துவிட்டு மிஸ்ஸைப் பார்த்தேன். கும்பிடவேண்டும் போல இருந்தது. கும்பிட்டால் அவர் சங்கடப்படுவார் என்று சும்மா இருந்தேன்.

"கேட்டுச்சா?" என்றார்.

"ஓம் மிஸ்."

"அப்ப வாங்க, இனித்தான் வேலை."

வெட்டலாம், கூட்டலாம், குறைக்கலாம், ஆனால் நடக்காத ஒன்றைச் சேர்க்கக்கூடாது. இது அவர் போட்ட சட்டம். என் குரல் வருகிற இடத்தில் சத்தத்தைத் தாழ்த்தி, அவள் குரல் வருகிற இடத்தில் எழுப்பப் படிப்பித்தார். கோட்டில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்து, இரண்டுக்கும் இடையில் மெதுவாக இறக்கவேண்டும். சடாரென்று இறக்கினால் காதுக்குக் குத்தும். என்னை நானே அமத்திப் பிடித்த மாதிரித்தான் இருந்தது அந்த வேலை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகும் மிஸ் எனக்காக இருப்பார். தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மீன் பொரியலில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, "சாப்பிட்டுட்டுச் செய்ங்க, பசியோட வெட்டினா கை கோணும்" என்பார். ஒரு சனிக்கிழமைகூட அவர் மணிக்கூட்டைப் பார்த்து நான் காணவில்லை.

தொடக்கத்தில் பிள்ளையார் படமும் பெயரும் போடவேண்டும் என்று நான் நின்றேன். "அதையும் ஸ்ரூடியோதானே போடும்" என்றார் அவர். அதனால் எங்கள் படம் மானில் தொடங்கியது. மான் வாழையைத் தின்னும், நான் கத்துவேன், தங்கச்சி விடச் சொல்லுவாள். அதற்குப் பிறகு கூறை, தாலி, பெரியவர்கள் அட்சதை போட்டது, சாப்பாடு, கடைசியில் இருவரும் வான் வண்டியில் ஏறிப் போனது.

வீட்டில் மூன்று பேருமாக இருந்து பார்த்தோம். கத்தரிக்காய் வந்தபோது தங்கச்சி முகத்தைப் பொத்திக்கொண்டாள். மனைவி மட்டும் யோசித்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாஷை விளங்காத ஒருத்தி பாத்தா, இந்த மனுசன் ஏன் இப்பிடிக் கோவிக்குது, இவருக்கு இந்தக் கலியாணம் பிடிக்கேல்லையாக்கும் எண்டெல்லோ நினைப்பா?"

அது உண்மைதானே. குரலை எவ்வளவு குறைத்தாலும் முகத்தைக் குறைக்க முடியாது. படத்தில் என் முகம் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் எடுக்கிறன்" என்று மவுஸைப் பிடித்தேன். தங்கச்சி என் கையின்மேல் கையை வைத்தாள்.

"இருக்கட்டும் அண்ணா. இது இல்லாட்டி அது எங்கட வீடு இல்லை. கேட்டா நான் சொல்லுவன்."

"போனமுறை கேட்டபோது வாய் திறக்கேல்லை நீ."

"போனமுறை பனிமலையைப் பற்றிக் கேட்டவ. எனக்கு என்ன தெரியும்? இந்தமுறை எங்களைப் பற்றித்தானே கேக்கப்போறா."

கொழும்புக்கு அவளோடு நானும் போனேன். உள்ளே விடமாட்டார்கள். வெளியே ஒரு மரத்தின் கீழே நின்றேன். நின்ற நேரத்தில் ஓட்டோக்காரர் ஒருவரோடு சண்டை பிடித்தேன், பிறகு அவரிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தேன். தெரிந்த கடவுள்கள் எல்லாருக்கும் நேர்த்தி வைத்தேன். அவள் வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிக்க முடியவில்லை.

"மேடம் வீடியோவைப் பாத்தவவோ?"

"முழுக்கப் பாத்தவ. மானைக் கண்டிட்டு, இது எந்த ஊர் எண்டு கேட்டவ. கத்தரிக்காய் இடத்தில நிப்பாட்டி, மொழிபெயர்க்கிறவரிட்டைக் கேட்டு, திருப்பிப் போட்டுப் பாத்துச் சிரிச்சவ."

"வேற ஒண்டும் கேக்கேல்லையோ?"

"ஒண்டு கேட்டவ. நான் சொன்னனான்."

"என்னண்டு?"

"பிறகு சொல்லுறன் அண்ணா" என்றாள். பஸ் ஏறினதும் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். சின்னப் பிள்ளையில் இருந்து அவளுக்கு அந்தப் பழக்கம், பெரிய காரியம் முடிந்தால் நித்திரை.

விசா வந்தது. செய்தி வந்த அன்று முதலில் ஓடினது மிஸ்ஸிடம்தான். பாலம் கடந்து கிண்ணியாவுக்கே போனேன், தம்பலகாமத்துத் தயிர்ச் சட்டி ஒன்றோடு. அவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "அண்ணே, வகுப்புக்கு வாறத விட்டுடாதீங்க. இன்னும் கலர் படிக்கல" என்றார். இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது யாராவது விசாவுக்கென்று சோடிக்காத வீடியோ கேட்டால், ஸ்ரூடியோக்காரரே என்னிடம் அனுப்புகிறார். எனக்கு எத்தனை பேர் நன்மை செய்திருக்கிறார்கள் என்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அழிந்ததைத் திருப்பித் தந்த பிள்ளைகள், வாய் பொத்தாமல் உண்மை சொன்ன என் மனைவி, கோபித்துப் போனவனுக்குக் கதிரையை எடுக்காமல் வைத்திருந்த அந்த மிஸ். இவர்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் தங்கச்சி இன்னும் குசினி வாசலில்தான் இருந்திருப்பாள்.

விமான நிலையத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். நான் வழக்கம்போலத்தான். தள்ளுவண்டியின் சில்லு சரியில்லை என்று ஒருவரோடு கத்தினேன். பெட்டியின் பட்டி இறுக்கமில்லை என்று மனைவியோடு கத்தினேன். கடவுச்சீட்டை எங்கே வைத்தாய், கைப்பையிலா, பெரிய பையிலா, குளிர்ச்சட்டை வெளியில் இருக்கிறதா என்று தங்கச்சியோடு கத்தினேன். சனம் திரும்பிப் பார்த்தது. குனிந்து அந்தப் பட்டியை நானே இறுக்கத் தொடங்கினேன்.

அவளும் எனக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணா, அண்டைக்கு அந்த மேடம் என்ன கேட்டவ தெரியுமோ? உங்கட அண்ணனுக்கு இந்தக் கலியாணத்தில விருப்பம் இல்லையோ, ஏன் முழுக்கக் கத்திக்கொண்டே நிக்கிறார் எண்டு கேட்டவ."

பட்டியை இறுக்கிய கை நின்றது. "நீ என்ன சொன்னனீ?"

"அவருக்கு அழத் தெரியாது, அதுதான் கத்துறார் எண்டு சொன்னனான்."

சொல்லிவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எழும்பி, மனைவியைக் கட்டிப் பிடித்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போனாள். கவனமாகப் போ என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், ஒரு சொல் வரவில்லை. அவள் ஒருமுறை திரும்பிக் கையைக் காட்டினாள். பிறகு சனத்துக்குள் மறைந்துவிட்டாள்.

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் சேலைத் தலைப்பை எடுத்து என் கையில் தந்தாள்.

"தங்கச்சி அங்க உள்ளுக்க போய்ப் பொய் சொல்லிப்போட்டாள்" என்றாள். "உங்களுக்கு வடிவா அழத் தெரியுது."